யாழ்ப்பாணத்தில் கணினி மென்பொருள் பயன்பாடு கற்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் பயிற்சி நிலையங்களின் வாசலில் பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து நிற்பார்கள். கணினிப் பயன்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற வகையில், அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.

கணினிப் பயன்பாட்டுக் கற்கைநெறியில் என்ன கற்பிக்கப்படுகிறது? இதைப் படித்தால் மென்பொருள் எழுத முடியுமா?

முடியாது. இந்தக் கற்கைநெறி மென்பொருளை உருவாக்குவதற்கானது அன்று, உருவாக்கப்பட்ட மென்பொருளைக் கொண்டு வேலை செய்வதற்கானது. ஆவணம் தயாரித்தல், எக்செல் போன்ற விரிதாளில் கணக்கிடுதல், தரவுத்தளம் ஒன்றைப் பேணுதல், நிகழ்த்துகை தயாரித்தல், மின்னஞ்சலையும் இணையத்தையும் அலுவலக முறைப்படி பயன்படுத்துதல், கோப்புகளை ஒழுங்காகச் சேமித்துப் பிரதி எடுத்து வைத்தல் ஆகியவையே இதன் உடல். சில நிலையங்கள் கணக்கியல் மென்பொருளையும் பக்க வடிவமைப்பையும் சேர்த்துக் கற்பிக்கின்றன. நிரலாக்கம் வேறொரு பாதை. அதில் நாட்டமுள்ளவர்கள் இதை முதற்படியாகக் கொள்ளலாம், ஆனால் இதிலேயே அது கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்துச் சேரக்கூடாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர்கள் ‘கொம்யூனிட்டி கொலிஜ்’ என்று சொல்கிறார்கள். அப்படி ஒன்று இங்கே உண்டா?

அந்தப் பெயரில் ஓர் அமைப்பு இங்கே இல்லை, ஆனால் அது செய்யும் வேலையைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் 1901ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஜொலியட் ஜூனியர் கல்லூரியே அந்நாட்டின் மிகப் பழைய அரச சமுதாயக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர்களும், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புபவர்களும், வயது முதிர்ந்தவர்களும் தங்கள் ஊரிலேயே குறைந்த செலவில் ஒரு தொழிலைக் கற்க இடமளிப்பது அத்தகைய கல்லூரிகளின் நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தை நிரப்புபவை தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், நைற்றா என்று நாம் அழைக்கும் பயிலுநர் பயிற்சி அதிகார சபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பயிற்சிகள் முதலியவை. உயர்தரம் முடித்தவர்களுக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. அரச நிறுவனங்களின் முழுநேரப் பயிற்சிகள் பெரும்பாலும் கட்டணமின்றி நடப்பவை. இருந்தும், பக்கத்து ஊரில் இருக்கும் அரச நிலையத்தை ஒருமுறையேனும் எட்டிப் பார்க்காமல், விளம்பரப் பலகையைக் கண்டு பெருந்தொகை கட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

என்.வி.கியூ. மட்டம் 3, மட்டம் 4 என்பவை எதைக் குறிக்கின்றன?

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சட்டகத்தில் 7 மட்டங்கள் உள்ளன. மட்டம் 1 ஆரம்பத் திறன்களை அங்கீகரிக்கிறது. 2 முதல் 4 வரையுள்ளவை தேசிய சான்றிதழ்கள். மட்டம் 5 தேசிய டிப்ளோமா, மட்டம் 6 உயர் தேசிய டிப்ளோமா, மட்டம் 7 பட்டத்துக்குச் சமமானது. நம் துறையில் கணினிப் பயன்பாட்டு உதவியாளர் என்பது மட்டம் 3. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலாளர் என்பது மட்டம் 4.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்று மாத வகுப்பொன்றை நடத்தி முடித்துவிட்டு அதற்கு ‘டிப்ளோமா’ என்று சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தேசிய சட்டகத்தின்படி டிப்ளோமா என்பது மட்டம் 5இல் வருவது, அதை மூன்று மாதத்தில் எட்ட முடியாது. மட்டம் எதுவும் குறிப்பிடப்படாத டிப்ளோமாவைக் காட்டிலும், மட்டம் 3 என்று தெளிவாக அச்சிட்ட எளிய சான்றிதழ் நேர்முகப் பரீட்சையில் கூடுதல் மதிப்புடையது.

தனியார் நிறுவனம் ஒன்று நம்பகமானதா என்று எப்படி அறிவது?

தொழிற்கல்வி வழங்கும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு அது. ஆனால் பதிவு மட்டும் போதாது. நிறுவனம் பதிவு பெறுவது ஒன்று, அது நடத்தும் குறிப்பிட்ட கற்கைநெறி தராதர அங்கீகாரம் பெறுவது வேறொன்று. பதிவு இலக்கத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் நிறுவனத்தில், நீங்கள் சேரப்போகும் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே, “உங்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இந்தக் கற்கைநெறியை முடித்தால் என்.வி.கியூ. எந்த மட்டம் கிடைக்கும், மதிப்பீட்டை யார் செய்வார்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்க முடியும்.

ஆய்வுகூடத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பேர் என்பது பாடத்திட்டத்தின் தடிப்பைவிட முக்கியமானது. இருவர் ஒரு கணினியில் அமர்ந்தால் ஒருவர் கற்பார், மற்றவர் பார்ப்பார்.

கணிதம் சித்தியடையாத பிள்ளை சேரலாமா?

நுழைவுத் தகைமை ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனியாக வகுக்கப்பட்டிருப்பதால் விண்ணப்ப அறிவித்தலில்தான் அதைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு அன்றாடம் தேவைப்படுவது சதவீதம், கூட்டல், கழித்தல், விகிதம் ஆகியவையே. அவை தெரிந்த பிள்ளை பயப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலம் போதாதவர்கள் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து நிலையங்களில் விளக்கம் தமிழில்தான் நடக்கும். ஆனால் திரையில் தோன்றும் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும், நாளைக்கு வேலை செய்யப்போகும் அலுவலகத்திலும் அப்படியே இருக்கும். ஆகவே கட்டளைப் பெயர்களை ஆங்கிலத்திலேயே பழகிக்கொண்டு, அவை என்ன செய்கின்றன என்பதைத் தமிழில் விளங்கிக்கொள்வதே சிறந்த வழி என்பது என் கருத்து. வேர்ட், எக்செல் இரண்டிலும் நாளாந்தம் புழங்கும் கட்டளைச் சொற்கள் அப்படியொன்றும் ஏராளம் இல்லை. ஒரு சிறிய கொப்பியில் எழுதிப் படித்தால் ஓரிரு மாதத்தில் கைவந்துவிடும். கடினமானது வேறு: பிழைச் செய்தி வரும்போது அதை வாசிக்காமலேயே மூடிவிடும் பழக்கம். ஆங்கிலம் தெரியாது என்ற கூச்சத்தால் பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள். அந்தச் செய்தியைச் சொல் சொல்லாக எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள், எந்த ஆசிரியரும் அதற்காகக் குறை சொல்லமாட்டார்.

தமிழ்த் தட்டச்சுக்குப் பாமினி படிக்க வேண்டுமா, யூனிகோட் படிக்க வேண்டுமா?

யூனிகோட். ஆனால் பாமினி என்றால் என்ன என்பதையும் விளங்கி வைத்திருக்க வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் போட்டோக் கொப்பிக் கடைகளிலும் பழைய அலுவலகக் கோப்புகளிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. ‘அம்மா’ என்று நீங்கள் தட்டும்போது கணினி உண்மையில் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகளின் குறிகளை. அந்தக் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் வேலையை மட்டும் எழுத்துரு செய்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரிவது இதனால்தான். வாட்சப்பில் அனுப்பினாலும் அதே கதி. அந்தக் கோப்பில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடவும் முடியாது, பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தவும் முடியாது, ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை.

யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடுகள் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இலங்கையில் 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் யூனிகோட்டை ஏற்றுக்கொண்டதோடு, ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பைத் தழுவிய விசைப்பலகையையும் வகுத்தது. பாமினி தெரிந்தவர்களுக்கு இது ஒரு நற்செய்தி, ஏனெனில் பாமினியும் தட்டச்சுப்பொறி வழிவந்ததே. இடக்கைச் சுட்டுவிரலில் ‘க’, வலக்கைச் சுட்டுவிரலில் ‘த’, அதற்கு அடுத்த விரலில் ‘ம’, சிறுவிரலில் மெய்ப்புள்ளி என்று விரல்களுக்குப் பழகிய இடங்கள் பெரிதும் மாறுவதில்லை. ஆங்கில ஒலிப்பின்படி தட்டும் முறை எளிதாகத் தோன்றினாலும், நாள் முழுவதும் தமிழில் தட்டச்சுச் செய்யும் வேலைக்குப் போகிறவர்கள் ரெங்கநாதனையோ தமிழ்99 முறையையோ பார்க்காமல் அடிக்கும் அளவுக்குப் பழக வேண்டும். தமிழ்99 தமிழ்நாட்டில் உருவான முறை, அதன் விசை ஒழுங்கு வேறு.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் மாற்றிய பின் ஒரு முறை முழுவதும் வாசித்துப் பார்க்க வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொல் கலந்த வாக்கியங்களில் அந்த ஆங்கிலமும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கும்.

பயிற்சிக்கு நல்ல களம் வேண்டுமென்றால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்திப் பாருங்கள். 2003இல் அதற்கு அடித்தளமிட்ட இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். பயிற்சிக்காக நீங்கள் தட்டும் சொற்கள் அங்கே யாருக்கோ பயன்படும்.

எக்செல் எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு சிறிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை வெற்றுத் தாளிலிருந்து தொடங்கி நீங்களே தயாரிக்கும் அளவுக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். ஒருவருக்கு 60,000 ரூபா சம்பளம் என்றால் அவரிடமிருந்து கழிப்பது 4,800 ரூபா, தொழில்தருநர் தன் பங்காகச் சேர்ப்பது 7,200 ரூபாவும் 1,800 ரூபாவும். கைக்கணிப்பானில் இது யாருக்கும் வரும். இருபது ஊழியர்களுக்கு ஒரே சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்து நிரப்பும்போதுதான் பிள்ளையின் பயிற்சி தெரியும். வீதங்களைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதாமல் தனிக் கட்டங்களில் வைத்து, அக்கட்டத்தின் முகவரி நகராதபடி டொலர் குறியிட்டுப் பூட்டினால், வீதம் மாறும் நாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். டொலர் குறி இடாமல் இழுத்தால் இரண்டாவது ஊழியர் முதலே விடை பிழைக்கும். சூத்திரம் சரியாகத் தெரியும், தொகை பிழையாக இருக்கும். இதைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய பிள்ளை எக்செல்லில் பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு இடமும் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத் தொலைபேசி எண்கள் 021 என்று தொடங்கும். அப்படியே தட்டினால் எக்செல் முன்னாலுள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும், ஏனெனில் அது அதை ஓர் எண்ணாகக் கருதுகிறது. 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் தசமப் புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த சுருக்க வடிவமாகக் காட்டும். 16 இலக்க அட்டை இலக்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே சரியாகப் பேணும் என்பதால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், சேமித்த பிறகு அதை மீட்க முடியாது. கணக்கிடாத இலக்கங்களை உள்ளிடும் நிரலை (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையை), தரவு தட்டுவதற்கு முன்பே எழுத்து வடிவமாக மாற்றிவிட வேண்டும். பயனாளிகளின் பட்டியல்களைக் கையாளும் பிரதேச செயலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இந்தத் தவறு ஒரு குடும்பத்துக்குரிய கொடுப்பனவையே தடுத்துவிடக்கூடும்.

அடையாள அட்டை இலக்கம் நல்லதொரு பயிற்சியும் ஆகும். 12 இலக்க அமைப்பில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தை மட்டும் கொடுத்து, பிறந்த ஆண்டையும் ஆணா பெண்ணா என்பதையும் சூத்திரத்தால் வரவழைக்கும்படி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். கற்பனை இலக்கங்களையே பயன்படுத்த வேண்டும், பிறருடைய உண்மையான இலக்கங்களை வகுப்பறையில் விட்டுச் செல்வது முறையன்று.

மடிக்கணினி வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் மாதங்களுக்கு அவசியமில்லை, நிலையத்துக் கணினியே போதும். வாங்குவதென்றால் அலுவலக மென்பொருட்களுக்கு 8 ஜிபி நினைவகம் தாராளம். பழைய கணினி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10இற்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11 இயங்குமா என்று பார்த்தே வாங்குங்கள்.

கடையில் கணினியோடு சேர்த்து உரிமமில்லாத ஒபிஸ் பிரதியைப் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கணினி நிரல்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தால் பாதுகாக்கப்படுபவை. அத்தகைய பிரதிகளோடு வைரஸ்களும் வந்து சேர்கின்றன. பணம் இல்லாத மாணவருக்கு லிப்ரே ஒபிஸ் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கிறது, மேலே சொன்ன சம்பளப் பட்டியலை அதில் அப்படியே செய்யலாம்.

யூரியூப்பில் எல்லாம் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதே, வகுப்புக்குப் போவது ஏன்?

யூரியூப்பில் நல்ல பாடங்கள் உண்டு, தமிழிலும் உண்டு, என் மாணவர்களைப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் காணொளியில் காட்டப்படும் தரவு எப்போதும் சுத்தமாக இருக்கும். அலுவலகத்தில் வந்து சேரும் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், 05/04 என்பது ஏப்ரல் 5ஆ மே 4ஆ என்று தெரியாத திகதிகள் இருக்கும், இடையில் வெற்று வரிகள் இருக்கும். அந்தக் குழப்பத்தில் இறங்கி ஒழுங்கு செய்து பழக, அருகில் இருந்து திருத்தும் ஒருவர் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு சூத்திரத்தை எழுதித் தரும், உண்மைதான். அது தந்த விடை சரியா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். நம்பிக்கை நிதியை ஊழியரின் சம்பளத்திலிருந்து கழித்துவிட்ட பட்டியலைக் கண்டதும், அது தொழில்தருநரின் பங்கல்லவா என்று நிறுத்துபவருக்குத்தான் அந்தக் கருவி உதவி. அந்த விளக்கம் இல்லாதவர் பிழையை முன்னிலும் வேகமாகச் செய்வார்.

படித்து முடித்தால் யாழ்ப்பாணத்தில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ‘கணினி வேலை’ என்ற பெயரில் அல்ல. நிதி நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், மொத்த வியாபார நிலையங்கள், அச்சகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் காசாளர், கணக்கு உதவியாளர், வரவேற்பாளர், தரவுப் பதிவாளர் என்ற பெயர்களில் அந்த வேலைகள் இருக்கின்றன. ஆகவே கணினியோடு கணக்கியலோ, ஆங்கிலக் கடிதம் எழுதுவதோ, பக்க வடிவமைப்போ ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக் கற்பவர்களுக்கே இடம் விரைவில் கிடைக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, அதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கற்கைநெறியின் இறுதியில் வரும் தொழிலிடப் பயிற்சியை ஒரு சடங்காகக் கழிக்காதீர்கள். அங்கே தேநீர் எடுத்து வரவும் பிரதி எடுக்கவும் மட்டுமே விட்டால், பயிற்சிக்குப் பொறுப்பான போதனாசிரியரிடம் சொல்லுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழோடு நீங்கள் தயாரித்த ஒரு சம்பளப் பட்டியல், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு கடிதம், ஒரே கடிதத்தைப் பலருக்குப் பெயர் மாற்றி அச்சிட்ட ஒரு கோப்பு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

இதிலிருந்து மேற்படிப்புக்குப் போக முடியுமா?

என்.வி.கியூ. மட்டங்களின் வழியாகவே மட்டம் 5, 6 என்று ஏறி, 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, இரத்மலானையிலுள்ள தொழிற்தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை செல்ல வழி உண்டு. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை ஊரில் இருந்தபடியே படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவை ஆங்கில மொழிமூலமானவை என்பதால், கணினிப் பயன்பாடு கற்கும் காலத்திலேயே ஆங்கிலத்தையும் வளர்த்துக்கொள்வது நல்லது.

தட்டச்சுக் கடையில் பல வருடம் வேலை செய்கிறேன், சான்றிதழ் எதுவும் இல்லை. மறுபடியும் வகுப்பில் உட்கார வேண்டுமா?

வேண்டியதில்லை. வேலையின் மூலம் கற்றதை அங்கீகரிக்கும் ஏற்பாடு என்.வி.கியூ. முறையிலேயே இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ நைற்றா அலுவலகத்திலோ அதற்கான விண்ணப்பத்தைக் கேளுங்கள். நீங்கள் செய்த வேலைகளின் மாதிரிகளையும் வேலை செய்த இடத்திலிருந்து பெற்ற கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளர் உங்களைச் செய்து காட்டச் சொல்வார், கேள்விகளும் கேட்பார். கடையில் வேலை செய்தவர்கள் தட்டச்சிலும் வடிவமைப்பிலும் தயங்கமாட்டார்கள், ஆனால் அந்தக் கடையில் தேவைப்படாத விரிதாளிலும் தரவுத்தளத்திலும் பின்தங்கியிருப்பார்கள். விண்ணப்பிப்பதற்கு முன் அந்த இரண்டை மட்டும் மாலை வகுப்பொன்றில் படித்துக்கொண்டு போங்கள்.